“பிரிண்ட் கொடுத்தேன், வரலை”: பிரிண்டர் வரிசையைக் கட்டளைகளால் கையாளுவது

எந்த அலுவலகத்திலும் வாரத்துக்கு நாலு தடவையாவது காதில் விழும் வாக்கியம்: “பிரிண்ட் கொடுத்தேன், வரலை.” சொன்ன கையோடு அதே ஆள் இன்னொரு முறை பிரிண்ட் கொடுப்பார். வராது. மறுபடி கொடுப்பார். பிறகு யாராவது எழுந்துபோய் பிரிண்டரை அணைத்துப் போடுவார். கொஞ்ச நேரத்தில் அதற்கு உயிர் வந்து ஒரே கடிதம் ஐந்து பிரதியாக விழும். அதற்கு நடுவில் யாரோ ஒருத்தருடைய சம்பளச் சான்றிதழும் கிடக்கும்.

பல நேரம் பிரிண்டர் மேல் தப்பே இருக்காது. கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது, நின்றுபோனது அதுதான். அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாததால் எல்லாரும் கண்ணுக்குத் தெரியும் பெட்டியைத் திட்டுகிறோம். இல்லையென்றால் அலுவலக உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டு அவர் தலையில் கட்டுகிறோம். அவரும் பாவம், காகிதக் கட்டை எடுத்து மறுபடி அடுக்கி வைப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்?

இந்தப் பதிவில் அந்த வரிசையைக் கட்டளை வரியிலிருந்து எப்படிப் பார்ப்பது, எப்படி நகர்த்துவது, ஒரு சின்ன ஸ்கிரிப்டை எப்படிக் காவலுக்கு வைப்பது என்று எழுதுகிறேன். நான் அதிகம் புழங்கியது லினக்ஸ் சர்வரில் ஓடும் கப்ஸ் என்ற மென்பொருள் என்பதால் அதுதான் முக்கியப் பகுதி. விண்டோஸ்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எதைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். பெரிய எழுத்து வரும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்; மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

வரிசை ஏன் வந்தது?

கணினி வேகம், பிரிண்டர் மெதுவு. இவ்வளவுதான் காரணம். ஐபிஎம் 1959-இல் 1401 என்ற கணினியையும் அதோடு 1403 என்ற பிரிண்டரையும் அறிமுகப்படுத்தியது. அந்த பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அச்சிட்டது. இன்றைக்குக் கேட்டாலும் பெரிய வேகம்தான். ஆனால் வாடகை கொடுத்து வைத்திருக்கும் பெரிய கணினி ஒன்று அந்த 600 வரிக்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்பது கட்டுப்படியாகாது. அதனால் பெரிய கணினி தன் முடிவுகளை காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். 1401 மாதிரி ஒரு சின்ன கணினி அந்த நாடாவைப் படித்து நிதானமாக அச்சிடும்.

இப்படி வேலையை நடுவில் ஓர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டு நகர்வதற்கு ‘ஸ்பூல்’ என்று பெயர் வந்தது. இன்றைக்கு நாடா போய் வன்தட்டு வந்துவிட்டது. பெயரும் முறையும் அப்படியே இருக்கின்றன.

யுனிக்ஸில் பிரிண்டர் கட்டளைகள் ஏன் ‘எல்பி’ என்று தொடங்குகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை. எல்பி என்றால் லைன் பிரிண்டர். ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் வழியில் எல்பி, எல்பிஸ்டாட், கேன்சல் என்ற கட்டளைகள் வந்தன. பெர்க்லி வழியில் எல்பிஆர், எல்பிக்யூ, எல்பிஆர்எம் என்பவை வந்தன. இரண்டு வீட்டிலும் ஒரே சமையல், பாத்திரத்தின் பெயர் மட்டும் வேறு. மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியான கப்ஸ், இரண்டு வழிக் கட்டளைகளையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ஆப்பிள் 2002-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-லேயே கப்ஸைச் சேர்த்துக்கொண்டது. 2007-இல் அதன் மூலநிரலையே வாங்கிவிட்டது. ஆகவே கீழே வரும் கட்டளைகளை மேக் வைத்திருப்பவர்கள் அவர்களுடைய டெர்மினலிலேயே தட்டிப் பார்க்கலாம்.

நீங்கள் கொடுத்த கோப்பு எங்கே போகிறது?

பிரிண்ட் பொத்தானை அமுக்கியதும் கோப்பு பிரிண்டருக்குப் போவதில்லை. சர்வரில் வார் என்ற அடைவுக்குக் கீழே ஸ்பூல், அதற்குக் கீழே கப்ஸ் என்று ஓர் அடைவு இருக்கிறது. அங்கே போய் உட்காரும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கிடைக்கும். 214-வது வேலை என்றால் சி00214 என்று ஒரு கோப்பு, டி00214-001 என்று இன்னொரு கோப்பு. முதலாவதில் விவரம்: யார் கொடுத்தது, எத்தனை பிரதி, எந்த பிரிண்டர். இரண்டாவதில் உங்கள் ஆவணம். ஆஸ்பத்திரியில் நோயாளி ஒரு பக்கம், அவருடைய கேஸ் ஷீட் ஒரு பக்கம் என்பது போல.

அதன் பிறகு அந்த வேலைக்கு ஏழு நிலைகள் உண்டு: காத்திருக்கிறது, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அச்சாகிறது, அச்சாகும்போது நின்றுவிட்டது, ரத்தானது, கைவிடப்பட்டது, முடிந்தது. இது இணைய அச்சு நெறிமுறையில், அதாவது ஐபிபி-யில், வரையறுக்கப்பட்ட பட்டியல். “வரலை” என்று யாராவது சொன்னால் இந்த ஏழில் எது என்று கேட்பதுதான் முதல் வேலை. அதற்குப் பதில் தெரியாமல் பிரிண்டரை அணைத்துப் போடுவது, வீட்டில் விளக்கு எரியவில்லை என்றதும் மெயினைப் பிடுங்குவது மாதிரி.

இரண்டு கதவுகள்

இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் டோக்கன் கொடுக்கிறார். உள்ளே டாக்டர் பார்க்கிறார். இரண்டும் தனித்தனி வேலை. டாக்டர் எழுந்து போய்விட்டாலும் டோக்கன் கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு டாக்டர் இல்லை என்பது தெரியாது. கையில் டோக்கன் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிண்டர் வரிசையும் அப்படித்தான். புது வேலையை ஏற்பதா மறுப்பதா என்பது ஒரு கதவு. இதற்குக் கப்ஸ்அக்செப்ட், கப்ஸ்ரிஜெக்ட் என்று இரண்டு கட்டளைகள். ஏற்ற வேலையை பிரிண்டருக்கு அனுப்புவதா நிறுத்துவதா என்பது இன்னொரு கதவு. இதற்குக் கப்ஸ்எனேபிள், கப்ஸ்டிசேபிள்.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது பாருங்கள். அச்சிடும்போது பின்புல நிரல் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. கப்ஸின் மூல இயல்பு ‘ஸ்டாப்-பிரிண்டர்’, அதாவது வரிசையையே நிறுத்திவிடு. சில லினக்ஸ் விநியோகங்கள் இதை மாற்றி வைத்திருக்கும், உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துவது உள்கதவை மட்டும்தான். வெளிக்கதவு திறந்தே இருக்கும். எனவே யார் கொடுத்தாலும் கணினி மறுப்புச் சொல்லாது. வேலைகள் சத்தமில்லாமல் சேரும். மதியம் யாராவது வரிசையைத் திறந்ததும் காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் கொட்டும். முதல் பத்தியில் சொன்ன ஐந்து பிரதிகளின் கதை இதுதான்.

இந்தக் கொள்கையை மாற்றலாம். அக்கவுண்ட்ஸ் என்பது பிரிண்டரின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

எல்பிஅட்மின் -பி அக்கவுண்ட்ஸ் -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=ரீட்ரை-ஜாப்

ரீட்ரை-ஜாப் என்றால் தோற்ற வேலையைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய். அதுவரை அடுத்ததைக் கவனி. இயல்பாக 30 விநாடி இடைவெளி, 5 முயற்சி. நெட்வொர்க் அடிக்கடி சொதப்பும் இடத்தில் இது நல்லது. ஆனால் காசோலை, வரிசை எண் போட்ட ரசீது மாதிரி இரண்டு தடவை அச்சாகக் கூடாதவற்றுக்கு ஸ்டாப்-பிரிண்டரே மேல். நின்று கேட்டுவிட்டுப் போவது அங்கே பாதுகாப்பு.

பார்ப்பதற்கும் நகர்த்துவதற்கும்

தினசரிக்கு இவ்வளவு போதும்.

எல்பிஸ்டாட் -டி : எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டும். 
எல்பிஸ்டாட் -பி : எந்த பிரிண்டர் ஓடுகிறது, எது நிறுத்தப்பட்டிருக்கிறது, ஏன். இது உள்கதவு. 
எல்பிஸ்டாட் -ஏ : எது புது வேலையை ஏற்கிறது. இது வெளிக்கதவு. 
எல்பிஸ்டாட் -ஓ : வரிசையில் நிற்கும் வேலைகள். 
கேன்சல் 214 : அந்த ஒரு வேலையை நீக்கும். 
கேன்சல் -ஏ அக்கவுண்ட்ஸ் : அந்த வரிசையில் இருப்பது மொத்தத்தையும் நீக்கும். விரல் நடுங்கியாவது தட்ட வேண்டிய கட்டளை. 
எல்பி -ஐ 214 -எச் ஹோல்ட் : வேலையை நிறுத்தி வைக்கும். இந்த எச் பெரிய எழுத்து. 
எல்பி -ஐ 214 -எச் ரெஸ்யூம் : திரும்ப விடும். 
எல்பிமூவ் 214 மாடி : வேலையை ‘மாடி’ என்ற பிரிண்டருக்கு மாற்றும். எண்ணுக்குப் பதில் பழைய பிரிண்டரின் பெயரைக் கொடுத்தால் வரிசை மொத்தமும் இடம் மாறும்.

கடைசிக் கட்டளை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பிரிண்டர் படுத்துவிட்டால் இருபது பேரிடம் போய் “பக்கத்து பிரிண்டருக்கு மறுபடி கொடுங்க” என்று சொல்ல வேண்டாம். அவர்கள் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கும். போகும் இடம் மட்டும் மாறும்.

பிரிண்டரைத் திறந்து சுத்தம் செய்யும்போது கப்ஸ்டிசேபிள் கட்டளையோடு இரட்டைக் கோடு போட்டு ஹோல்ட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடிந்த பிறகுதான் நிற்கும். -ஆர் போட்டு ஒரு காரணமும் எழுதலாம்: “டோனர் மாற்றுகிறோம், 15 நிமிடம்”. எல்பிஸ்டாட் -பி தட்டுபவருக்கு அந்த வாக்கியம் அப்படியே தெரியும். கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவது போல. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

யார் முதலில்?

வரிசை என்றால் முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 30 பக்கம் அச்சிடும் பிரிண்டர். ஒருவர் 300 பக்க அறிக்கை கொடுக்கிறார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பக்கம். வந்த வரிசைப்படி போனால் அந்த ஐந்து பேரும் ஆளுக்குப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஐந்து பக்கத்தையும் முன்னால் விட்டால்? 300 பக்கக்காரருக்குக் கூடுதல் காத்திருப்பு பத்தே விநாடி.

குட்டி வேலையை முதலில் முடிப்பது சராசரிக் காத்திருப்பைக் குறைக்கும் என்பது கணினி இயலில் பழைய பாடம். அதன் கெடுதலும் பாடத்திலேயே உண்டு: குட்டி வேலைகள் வந்துகொண்டே இருந்தால் பெரிய வேலைக்கு முறையே வராது. அதனால் நான் இதைத் தானியங்கியாகச் செய்வதில்லை. பெரிய வேலையை, அதைக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாயங்காலத்துக்குத் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம்:

எல்பி -ஐ 214 -எச் 13:00

இங்கே ஒரு பொடி இருக்கிறது. அந்த நேரம் நம்ம ஊர் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் 13:00 என்பது இங்கே மாலை 6:30. இது தெரியாமல் 18:30 என்று போட்டால் நள்ளிரவு 12 மணிக்கு யாருமில்லாத அறையில் பிரிண்டர் ஓடத் தொடங்கும்.

முன்னுரிமை எண்ணும் இருக்கிறது. 1-லிருந்து 100 வரை, இயல்பு 50.

எல்பி -ஐ 214 -க்யூ 80

எண் அதிகமென்றால் முன்னால் போகும். ஆனால் ஏற்கெனவே ஓட ஆரம்பித்த வேலையை அது நிறுத்தாது. இன்னொன்று, இது ரகசியமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். எல்லாரும் 100 போடக் கற்றுக்கொண்டால் மறுபடி எல்லாரும் 50-இல் இருப்பதற்குச் சமம்.

ஒரே மாதிரி இரண்டு மூன்று பிரிண்டர்கள் பக்கத்தில் இருந்தால் அவற்றை ஒரு ‘கிளாஸ்’ ஆக்கிவிடுங்கள். எல்பிஅட்மின் -பி மாடி -சி பொது என்றால் ‘மாடி’ பிரிண்டர் ‘பொது’ என்ற தொகுதியில் சேரும். ஊழியர்கள் ‘பொது’வுக்குக் கொடுப்பார்கள், எது சும்மா இருக்கிறதோ அதற்கு வேலை போகும். ரயில்வே முன்பதிவில் கவுண்டருக்கு ஒரு வரிசை என்று நின்று, நம்ம வரிசை மட்டும் நகராமல் தவித்த அனுபவம் எல்லாருக்கும் உண்டு. ஒரே வரிசை, பல கவுண்டர் என்றால் அந்தத் தவிப்பு இல்லை.

காவல் ஸ்கிரிப்ட்

இனி ஸ்கிரிப்ட். வேலை எளிது: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை க்ரான் மூலம் எழுந்து, எந்த வரிசையாவது நின்றிருக்கிறதா என்று பார்த்து, நின்றிருந்தால் சொல்ல வேண்டும். படிகள் இவை.

1. முதல் இரண்டு வரியில் சூழல் மாறிகள் (இவை பெரிய எழுத்து). எல்சி_ஆல்=சி என்று வையுங்கள். எல்பிஸ்டாட் தன் வெளியீட்டைக் கணினியின் மொழிக்கு ஏற்ப மாற்றும். நீங்கள் ‘டிசேபிள்ட்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, சர்வர் வேறு மொழியில் பேசினால் ஸ்கிரிப்ட் எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். அடுத்து, பாத் மாறியில் எஸ்பின் அடைவையும் சேருங்கள். கப்ஸ்எனேபிள் அங்கேதான் இருக்கிறது. க்ரான் தருகிற குறுகிய பாத்தில் அது பொதுவாக இருக்காது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

2. எல்பிஸ்டாட் -பி வெளியீட்டில் ‘டிசேபிள்ட்’ என்று இருக்கும் வரிகளை க்ரெப் கொண்டு எடுங்கள். இரண்டாவது சொல் பிரிண்டரின் பெயர்.

3. ஒவ்வொரு பெயருக்கும் எல்பிஸ்டாட் -ஓ ஓட்டி எத்தனை வரி என்று எண்ணுங்கள். அதுதான் காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை.

4. பிரிண்டரின் பெயரில் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இது புதுச் செய்தி. கோப்பை உண்டாக்கிச் செய்தி அனுப்புங்கள். இருந்தால் ஏற்கெனவே சொல்லியாயிற்று, பேசாமல் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அலறும் ஸ்கிரிப்டை இரண்டாம் நாள் யாரும் மதிக்க மாட்டார்கள்.

5. வரிசை மறுபடி ஓடினால் கோப்பை அழித்துவிடுங்கள்.

அந்தக் குறிப்புக் கோப்புக்கு இன்னொரு பயன் உண்டு. அது உண்டான நேரம்தான் வரிசை நின்றதை நாம் முதலில் கண்ட நேரம். எல்பிஸ்டாட் காட்டும் தேதியைப் பிரித்தெடுக்கும் தலைவலி மிச்சம். அந்தக் கோப்பின் வயது பத்து நிமிடத்துக்குள் இருந்தால் ஸ்கிரிப்டே ஒரு தடவை கப்ஸ்எனேபிள் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் தொடக் கூடாது. உள்ளே பழைய வேலைகளும் இரட்டிப்புகளும் சேர்ந்திருக்கும். ஒரு மனிதர் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

செய்தியை யாருக்கு அனுப்புவது? ஐடி ஆளுக்கு என்பதுதான் உடனே தோன்றும் பதில். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிரிண்டர் ஒரு மாடியிலும் ஆட்கள் வேறு மாடிகளிலும் இருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், காகிதம் சிக்கினால் அந்த நேரத்தில் வரிசையில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் செய்தி போகும்படி நிரலை மாற்றி வைத்தார். யாருக்கு அவசரமோ அவர் போய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் கொடுத்த புது லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூலநிரல் கிடைக்கவில்லை, கேட்டும் தரவில்லை. அதனால் அந்த வசதியைப் புதியதில் சேர்க்க முடியாமல் போனது. இதைத் தன் உரைகளில் பல தடவை சொல்லியிருக்கிறார். கட்டற்ற மென்பொருள் பற்றிய அவருடைய சிந்தனைக்கு இது ஒரு விதை. 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார்.

நம்ம ஸ்கிரிப்டிலும் அதையே செய்யலாம். எல்பிஸ்டாட் -ஓ வரியில் இரண்டாவதாக வருவது பயனர் பெயர். அவர்களுக்கு மட்டும் “அக்கவுண்ட்ஸ் பிரிண்டர் நின்றிருக்கிறது. உங்கள் வேலை பத்திரமாக வரிசையில் இருக்கிறது. மறுபடி கொடுக்க வேண்டாம்” என்று அனுப்புங்கள். கடைசி வாக்கியம்தான் முக்கியம். இரட்டிப்பு பிறப்பதே அது தெரியாததால்தான். ஒரு குறிப்பு: சர்வரின் தனியுரிமை அமைப்பைப் பொறுத்து, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்னோன்’ என்று வரலாம். அப்படி வந்தால் பொதுவான குழுவுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஸ்கிரிப்டிடம் விடக்கூடாத வேலை

அடுத்து எல்லாருக்கும் வரும் ஆசை: இரட்டிப்புகளைத் தானாக நீக்கிவிட்டால் என்ன? ஒரே ஆள், ஒரே பிரிண்டர், ஒரே அளவு, ஒரு நிமிட இடைவெளி. அப்படியென்றால் அது இரட்டிப்புதானே?

இல்லை. எல்பிஸ்டாட் காட்டும் அளவு 1024-இன் மடங்காக முழுமையாக்கப்பட்டது. அதனால் சற்று வேறுபட்ட இரண்டு கோப்புகள் ஒரே அளவாகத் தெரியலாம். ஒரே படிவத்தில் இரண்டு ஊழியர்களுக்குச் சம்பளச் சான்றிதழ் எடுக்கிறார் மனிதவளத் துறையில் இருப்பவர். பெயர் வேறு, தொகை வேறு, கோப்பளவு கிட்டத்தட்ட ஒன்று. ஸ்கிரிப்ட் இரண்டாவதை நீக்கிவிடும். அந்தச் சான்றிதழோடு அன்றைக்கு வங்கிக்குப் போக வேண்டியவர் வெறுங்கையோடு நிற்பார். எதனால் என்று யாருக்கும் தெரியாது. நீக்கிய தடம்கூட யார் கண்ணிலும் படாது.

அதனால் என் விதி: ஸ்கிரிப்ட் நிறுத்தி வைக்கலாம், நீக்கக் கூடாது. சந்தேகப்படும் வேலைக்கு -எச் ஹோல்ட் போட்டுவிட்டு, கொடுத்தவருக்குத் தகவல் சொல்லட்டும். நிறுத்தி வைத்தது திரும்பி வரும். கேன்சல் என்ற சொல் தானாக ஓடும் எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது. மனிதர் கையால் தட்டும்போது மட்டும்தான் அது வர வேண்டும்.

அச்சான பிறகும் இருக்கும் பிரதி

காகிதம் கைக்கு வந்ததும் சர்வரிலிருந்து கோப்பு போய்விட்டது என்று நினைப்போம். கப்ஸின் இயல்பு அப்படியில்லை. பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். அதுவரை டி கோப்பு ஸ்பூல் அடைவில் இருக்கும். சாதாரணப் பயனர் அதைத் திறக்க முடியாது. ரூட் அனுமதி உள்ளவர் திறக்கலாம்.

இதில் நல்லதும் இருக்கிறது. எல்பி -ஐ 214 -எச் ரீஸ்டார்ட் போட்டால் முடிந்த வேலையை மறுபடி அச்சிடலாம். காகிதம் கசங்கி வந்தால் உதவும். ஆனால் மருத்துவ அறிக்கை, பணிநீக்கக் கடிதம், கேள்வித்தாள் அச்சாகும் சர்வரில் இது வேண்டாத வசதி. அங்கே கப்ஸ் அமைப்புக் கோப்பில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் நோ என்று வையுங்கள். நீக்கும்போது கேன்சல் -ஏ -எக்ஸ் போட்டால் கோப்புகளும் சேர்ந்து போகும்.

சர்வரை விடப் பெரிய ஓட்டை, பிரிண்டரின் ட்ரேயில் கேட்பாரற்றுக் கிடக்கும் காகிதம். காசு கொடுத்து அட்டை தேய்க்கும் இயந்திரம் வாங்க முடியாத சின்ன அலுவலகத்துக்கு ஓர் எளிய வழி:

எல்பிஅட்மின் -பி மனிதவளம் -ஓ ஜாப்-ஹோல்ட்-அன்டில்-டிஃபால்ட்=இன்டெஃபினிட்

இனி அந்த வரிசைக்கு வரும் ஒவ்வொரு வேலையும் நிறுத்தி வைக்கப்பட்டே வரும். கொடுத்தவர் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அங்கே ஒரு கணினியிலிருந்து ரெஸ்யூம் செய்தால்தான் அச்சாகும். முதல் வாரம் எல்லாரும் முணுமுணுப்பார்கள். பிறகு பழகிவிடும்.

விண்டோஸில்

விண்டோஸில் பலருக்குத் தெரிந்த வைத்தியம்: நிர்வாகி உரிமையோடு நெட் ஸ்டாப் ஸ்பூலர், சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் அடைவில் இருப்பதை அழி, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர். அந்த அடைவில் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் கோப்புகள் இருக்கும். முதலாவது ஆவணம், இரண்டாவது விவரம். கப்ஸின் டி-யும் சி-யும் போலவே. ‘டிலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டே அசையாமல் நிற்கும் வேலைக்கு இது பலன் தரும். ஆனால் இது எல்லா பிரிண்டர்களின் எல்லா வேலைகளையும் துடைத்துவிடும். தனி ஆளின் மடிக்கணினியில் பரவாயில்லை. பத்து பேர் பகிரும் சர்வரில் ஒரு வேலைக்காக ஒன்பது பேர் வேலையை அழிப்பதாகும்.

அதற்கு பவர்ஷெல் மேல். கெட்-பிரிண்ட்ஜாப் -பிரிண்டர்நேம் அக்கவுண்ட்ஸ் என்றால் பட்டியல் வரும். எண்ணைப் பார்த்து ரிமூவ்-பிரிண்ட்ஜாப் மூலம் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் இவை இருக்கின்றன.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பூலர் உயர்ந்த உரிமையோடு, யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிரல். அதனால் தாக்குபவர்களுக்கு அது பிடித்த இடம். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் பரவுவதற்கு ஒரு வழி ஸ்பூலர் ஓட்டை. 2021-இல் பிரிண்ட்நைட்மேர். லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற துணை நிரலில் ஓட்டைகள் வெளியாயின. அச்சே எடுக்காத சர்வரில் ஸ்பூலர் ஓட வேண்டியதில்லை, அணைத்துவிடுங்கள். 631-வது போர்ட் அலுவலகத்துக்கு வெளியே திறந்திருக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது?

முழு ஸ்கிரிப்டும் ஒரே நாளில் வேண்டாம். முதல் வாரம் எல்பிஸ்டாட் -பி, எல்பிஸ்டாட் -ஏ இரண்டை மட்டும் பழகுங்கள். “வரலை” என்று குரல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போகும் முன் அவற்றைத் தட்டி, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் போனால் உங்கள் அலுவலகத்தில் எது அடிக்கடி நிற்கிறது, எந்த நேரத்தில், எதற்காக என்று அந்தத் தாளே சொல்லிவிடும். கொள்கையை மாற்றுவதா, கிளாஸ் போடுவதா, கேபிளை மாற்றுவதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். அந்தத் தாளை உதவியாளர் அண்ணனிடமும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த தடவை யாராவது அவரைக் கூப்பிட்டுக் கத்தினால், “வரிசைதான் சார் நின்னிருக்கு, பிரிண்டர் இல்லை” என்று அவரே சொல்லிக்கொள்வார்.